சொன்னதைத் திருப்பிச் சொல்லவும்

அந்தச் செவிலியர் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் அறையில் இருந்த நாற்காலிகளில் ஒன்றுக்கு மட்டும் ஒரு கால் குட்டை. உட்கார்ந்தால் முன்பக்கம் ஓர் ஆட்டம், பேனாவை எடுக்கக் கையை நீட்டினால் பின்பக்கம் ஓர் ஆட்டம். அதைத் தூக்கி வெளியே போட யாருக்கும் மனம் வரவில்லை. போடுவானேன்? உட்காரத்தான் ஒருத்தி வந்து சேர்ந்திருந்தாளே.

அங்கே அவளுக்கு வழங்கிய பெயர் 'புதுசு'. அவள் சேர்ந்த அன்று சுவரில் மாட்டிய காலண்டர் கிழித்துக் கிழித்து அட்டையாகிவிட்டது. அவளுக்குப் பிறகு வந்த மின்விசிறிகூடப் பழசாகிக் கிறீச்சிட ஆரம்பித்துவிட்டது. அவள் மட்டும் இன்னமும் புதுசு. "அந்தக் கிளாஸைப் புதுசு தலையில கட்டிடுங்க." "புதுசுக்குச் சொல்லிட்டீங்களா? சொல்லலைன்னா பரவாயில்ல, தானா தெரிஞ்சுக்கும்." அஃறிணையில்தான் பேச்சு, நாற்காலியைப் பற்றிப் பேசுவதுபோல.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே அறுவை சிகிச்சை வார்டில் பம்பரமாகச் சுழன்றவள் அவள். ஒருநாள் கனத்த உடம்புக்காரர் ஒருவர் கட்டிலிலிருந்து சரிந்தபோது ஓடிப்போய் ஒற்றையாளாகத் தாங்கிப் பிடித்தாள். அவருடைய எலும்பு தப்பியது, அவளுடைய முதுகுத் தட்டு விலகியது. "இனிமே யாரையும் தூக்கற வேலை வேண்டாம். மீறினா நடக்கறதையே மறந்துட வேண்டியதுதான்" என்று அவளைப் பார்த்த டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வீட்டு வேலைக்கு நடுவில் படித்து வாங்கி வைத்திருந்த பட்டம் அப்போது கைகொடுத்தது. இந்தப் பள்ளியில் ஆசிரியை ஆனாள்.

ஆனால் முதல் வருடம் சோதனைக் காலம். அது முடிந்ததும் நிரந்தரம் ஆக்குவதா, வழியனுப்புவதா என்று முதல்வர் தீர்மானிப்பார். முதல்வர் தீர்மானிப்பார் என்றால், பெரிய மேடத்தை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தீர்மானிப்பார் என்று அர்த்தம். இங்கே வேண்டாம் என்றுவிட்டால் வார்டுக்குத் திரும்ப முதுகு இல்லை. வேறு பள்ளிக்குப் போனாலோ, "ஏன் வருஷம் முடியறப்ப அனுப்பினாங்க?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

பெரிய மேடம்தான் ஆசிரியைகளில் மூத்தவர். பயிற்சிக்கூடத்தின் சாவி அவர் இடுப்பில். மாணவிகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'ஆட்டோகிளேவ்'. கத்தி, கத்தரிக்கோல்களை நீராவியில் அவித்துக் கிருமியைக் கொல்லும் பெரிய பாத்திரம் அது. மூடி இறுகியிருக்கும், பக்கத்தில் போனாலே சூடு அடிக்கும், நேரம் தெரியாமல் திறந்தால் முகம் வெந்துவிடும். பெயர் வைத்த பிள்ளைக்குப் பாடம் நன்றாகவே ஏறியிருந்தது என்று புதுசு தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

சமூக சுகாதாரம் நடத்தும் ஆசிரியைக்கு மாணவிகள் வைத்த பெயர் 'எதிரொலி'. பெரிய மேடம் தும்மினால் இவளுக்கு ஜலதோஷம் பிடிக்கும்.

நடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னால் சின்ன விஷயமாகத்தான் தெரியும். அவள் உள்ளே நுழைந்ததும் பேச்சு பட்டென்று நின்றுவிடும். தேநீர் கெட்டில் சுற்றி வரும்போது அவள் பக்கம் வருவதற்குள் காலியாகிவிடும். வகுப்பு நேரம் மாறியது எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அவள் மட்டும் சாக்பீஸும் கையுமாகப் போய்க் காலி பெஞ்சுகளுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்புவாள். "பாவம், பெஞ்சுக்குப் பாடம் நடத்திட்டு வருது" என்பார் பெரிய மேடம். "பெஞ்சாவது பாஸாகட்டும்!" என்பாள் எதிரொலி. அறையே குலுங்கும். அவளும் கூடச் சிரித்துவைப்பாள். சிரிக்காவிட்டால், "ஒரு ஜோக்குக்குக்கூட முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டா எப்படி?" என்று இன்னொரு சுற்று ஆரம்பமாகும்.

மாணவிகள் முன்னால் நடப்பதுதான் பொறுக்க முடியாதது. அவள் ஊசி போடும் முறையைக் காட்டிக்கொண்டிருக்கும்போது பெரிய மேடம் வாசலில் வந்து நிற்பார். "வார்டுல அவசரத்துக்குச் செய்யறதெல்லாம் இங்க காட்டாதீங்க. பிள்ளைங்க உருப்படணும்." அவ்வளவுதான், போய்விடுவார். அப்புறம் முப்பது ஜோடிக் கண்கள் தரையைப் பார்க்கும்.

இவ்வளவுக்கும் பெரிய மேடம் தொழிலில் கெட்டிக்காரர். அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. பயிற்சிக்கூடத்தில் படுத்திருக்கும் ரப்பர் பொம்மைக்குப் 'பெரியப்பா' என்று பெயர். கையெல்லாம் ஊசி குத்திய ஓட்டை, தூக்கிப் புரட்டினால் ஒரு கால் தனியாகக் கழன்று வரும். அந்தப் பெரியப்பாவையே உயிருள்ள மனிதர்போலப் போர்வை விலகாமல் புரட்டிக் காட்டுவார் பெரிய மேடம். சுவரில் அவர் கையாலேயே சிவப்பு மையில் எழுதி ஒட்டிய வாசகம் ஒன்று இருந்தது: சொன்னதைத் திருப்பிச் சொல்லவும்.

டாக்டர் வாய்வார்த்தையாக ஒன்று சொன்னால், கேட்ட நர்ஸ் உடனே ஓடக் கூடாது. யாருக்கு, என்ன, எவ்வளவு, எப்போது என்று காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "சரி" என்ற பிறகுதான் கை மருந்தைத் தொட வேண்டும். தப்பாக இருந்தால் அவர் அங்கேயே திருத்திவிடுவார். இதை நடத்தும்போது பெரிய மேடத்தின் குரல் கூடம் முழுக்கக் கணீரென்று கேட்கும். "திருப்பிச் சொல்றது அவமானம் இல்ல. சொல்லாம ஓடறதுதான் ஆபத்து. புரியுதா?"

"புரியுது மேடம்!"

புரிந்தது. ஆனால் அவரிடமே யாராவது ஒரு சந்தேகத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டால் தீர்ந்தது. "காதை எங்க அடகு வெச்சுட்டு வந்த?" என்பார். மாணவிகளில் ஒருத்திக்கு இயல்பாகவே குரல் சன்னம்; அவளைச் 'சின்னக்குரல்' என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். "நீ பேசறியா, இல்ல மூச்சு விடறியா? வீட்டுல உனக்குச் சோறு போடறாங்களா, காத்து போடறாங்களா?" என்று கேட்டுக் கேட்டு அவளிடம் இருந்த கொஞ்சம் குரலும் உள்ளே போய்விட்டது. எதைச் சொன்னாலும் "சரி மேடம்" என்று தலையாட்டப் பழகிக்கொண்டாள். வகுப்பே அப்படித்தான் பழகிக்கொண்டது. சுவரில் சிவப்பு மை, வாயில் "சரி மேடம்".

வினை ஒரு வார்டு நாளில் வந்தது.

மாணவிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் நோயாளிகளிடம் வேலை பழக்கும் நாள் அது. ஓர் அறையில் இரண்டு பெரியவர்கள் இருந்தார்கள். ஜன்னல் பக்கத்துப் பெரியவருக்கு அன்று அறுவை சிகிச்சை. கதவுப் பக்கத்துப் பெரியவர் காலில் ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போட வந்தவர். சர்க்கரை வியாதிக்காரர், வாய் ஓயாதவர்.

பெரிய மேடம் நடந்துகொண்டே சின்னக்குரலிடம் சொன்னார்: "அந்த ரூம் பெரியவருக்குக் காலையில ஒண்ணும் குடுக்காத. பச்சைத் தண்ணிகூடக் கூடாது. ஆப்பரேஷன் இருக்கு."

எந்தப் பெரியவர்? சின்னக்குரல் வாயைத் திறந்தாள். "மேடம்..."

"என்ன?"

அந்த 'என்ன'விலேயே ஆவி அடித்தது. "சரி மேடம்" என்றாள்.

அறைக்குள் போய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். திரும்பிப் போய்க் கேட்டால் காது அடகுக் கதை வரும். ஒருவருக்குக் கொடுத்து, அது தவறான ஆளாக இருந்துவிட்டால் பெரிய ஆபத்து. யோசித்து யோசித்து, பயந்தவர்களுக்கு மட்டுமே தோன்றும் ஒரு வழியைக் கண்டுபிடித்தாள். இரண்டு பேரையுமே பட்டினி போட்டுவிட்டாள்.

கதவுப் பக்கத்துப் பெரியவருக்குச் சாப்பாட்டுத் தட்டு வந்தது. அதைத் திருப்பி அனுப்பினாள். "எனக்கு எதுக்கும்மா பட்டினி? புண்ணு கால்லதானே இருக்கு, வயித்துலயா இருக்கு?" என்று அவர் கேட்டார். "டாக்டர் சொல்லியிருக்காங்க ஐயா" என்றாள். அவரும் பெரிய மனசோடு ஒத்துக்கொண்டார். அவருக்குக் காலையிலேயே இன்சுலின் ஊசி போட்டாகிவிட்டது என்பதும், ஊசி போட்ட வார்டு நர்ஸ் இதோ தட்டு வந்துவிடும் என்று நம்பி அடுத்த அறைக்குப் போய்விட்டாள் என்பதும் சின்னக்குரலுக்குத் தெரியாது.

புதுசு வேறு மாணவிகளோடு அந்த வழியாகப் போனாள். போகிற போக்கில் கதவுப் பக்கம் பார்த்தாள். ஓயாமல் பேசுகிற மனிதர் பேசாமல் கிடந்தார். சட்டைக் கழுத்து வியர்வையில் நனைந்திருந்தது. "ஐயா" என்று கூப்பிட்டதற்கு, "பஸ் வந்துடுச்சா?" என்றார். அவள் வேறு எதையும் கேட்கவில்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தாள். சர்க்கரை பாதாளத்தில் இருந்தது. வார்டு நர்ஸைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டுக்கொண்டே, அவரை நிமிர்த்தி உட்கார்த்தி, குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். விழுங்க முடிகிறதா என்று ஒவ்வொரு வாய்க்கும் தொண்டையைப் பார்த்தாள்.

சற்று நேரத்தில் பெரியவருக்கு முகம் தெளிந்தது. சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பேர் இருக்கீங்க, ஒரு ரொட்டித் துண்டு குடுக்க ஆள் இல்லையா?" என்றார். எல்லாருக்கும் உயிர் வந்தது. சின்னக்குரல் மட்டும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து புகார் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் காலை விசாரணை என்று முதல்வர் சொல்லியனுப்பினார்.

அன்று மாலை எல்லாரும் போன பிறகு, புதுசு பயிற்சிக்கூடத்துக்குப் போனாள். பெரியப்பாவின் கட்டிலுக்கு அந்தப் பக்கம், தரையில் சின்னக்குரல் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்துவிட்ட முகம்.

"ஏம்மா, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? பெரிய மேடத்துகிட்டப் பயமா இருந்தா என்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே?"

சின்னக்குரல் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு சொன்னாள்: "உங்ககிட்டயும் கேட்டிருக்க மாட்டேன் மேடம்."

"ஏன்?"

"தப்பா நினைக்காதீங்க. அவங்க எங்க எல்லார் முன்னாலயும் உங்களைத் திட்டறாங்க. நீங்க டீச்சர். நீங்களே சிரிச்சுட்டு சும்மா இருக்கீங்க. அப்ப சும்மா இருக்கறதுதான் நல்லதுபோலன்னு..." முடிக்கவில்லை. பெரியப்பாவின் கழன்ற காலை எடுத்து அதன் இடத்தில் பொருத்த ஆரம்பித்தாள்.

புதுசு அந்தக் காலின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது தன்னோடு போய்விடும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவள் ஊசி போடக் கற்றுக்கொடுத்த நேரமெல்லாம் கூடவே இதையும் கற்றுக்கொடுத்திருக்கிறாள். பிள்ளைகள் கவனமாகக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டில் அவள் கணவன் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்திருந்தான். அவளுடைய முதுகுப் பட்டையை இறுக்கிக் கட்டிவிடுவது அவன் வேலை. கட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான்.

"நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நாளைக்கு வாயைத் திறக்காத. நிரந்தரம் ஆகட்டும். அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் பேசு."

"நிரந்தரம் ஆனப்புறம் பேசுவேனாங்க?"

பட்டையின் கொக்கியை மாட்டிவிட்டு அவன் யோசித்தான். "நீயா? அப்ப பென்ஷன் வரட்டும்னு சொல்லுவ."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் முதுகு வலித்தது. "சிரிக்க வைக்காதீங்க."

"நிஜமாத்தான். எங்க கண்டக்டருக்கும் எனக்கும் ஒரு மாசம் பேச்சுவார்த்தை இல்லாம இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டான். ஆனா விசில் மட்டும் குடுத்துடுவான். அது குடுக்காம நான் வண்டிய எடுத்தா, படியில நிக்கறவன் கீழ விழுவான். சண்டை வேற, விசில் வேற." அவன் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனான். அங்கிருந்தே குரல் வந்தது. "ஆனாலும் நான் சொன்னதையும் கொஞ்சம் யோசி. பாப்பா பள்ளிக்கூடம் இருக்கு, வாடகை இருக்கு."

அவள் இரண்டையும் யோசித்தாள்.

மறுநாள் காலை ஆசிரியர் அறையில் பெரிய மேடம் அவளை ஜன்னல் பக்கம் கூப்பிட்டார். அந்த வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு ஒரு கோப்பைத் தேநீரும் வந்தது. எதிரொலிதான் ஊற்றினாள்.

"புதுசு, முதல்வர் கேட்டா நீங்க பாத்ததைச் சொல்லுங்க. அந்தப் பொண்ணுக்குக் கவனம் போதாது. நர்ஸ் வேலைக்கே லாயக்கில்ல. வீட்டுக்கு அனுப்பறதுதான் அவளுக்கும் நல்லது. நீங்க வார்டுல இருந்தவங்க, நீங்க சொன்னா எடுபடும்." ஒரு மிடறு குடித்துவிட்டு, தேநீரைப் பார்த்தபடியே சொன்னார்: "அடுத்த வாரம் உங்க விஷயமும் வருது. என்னைத்தான் கேப்பாங்க. அதையும் மனசுல வெச்சுக்குங்க."

"ஆமா, மனசுல வெச்சுக்குங்க" என்றாள் எதிரொலி.

புதுசு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அது வழக்கம்போல ஆடியது. எதிர்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை; எந்த வார்த்தையில் தொடங்குவதென்றே தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். வருடக்கணக்காக, தினமும், தூக்கத்தில் எழுப்பினாலும் செய்யக்கூடிய ஒன்று.

"சரியாக் கேட்டேனான்னு திருப்பிச் சொல்றேன் மேடம்" என்றாள். டாக்டரிடம் போனில் பேசும்போது வருகிற, கோபமும் இல்லாத குழைவும் இல்லாத அதே குரல். "அந்தப் பொண்ணுக்குக் கவனமில்லைன்னு நான் முதல்வர்கிட்ட சொல்லணும். சொல்லலைன்னா என்னை நிரந்தரம் ஆக்க வேண்டாம்னு நீங்க சொல்லுவீங்க. சரிதானே மேடம்?"

எதிரொலியின் கையிலிருந்த கரண்டி மேஜையில் விழுந்து, உருண்டு, நின்றது.

"நான் அப்படியா சொன்னேன்?"

"எனக்கு அப்படித்தான் கேட்டது. தப்பா இருந்தா திருத்துங்க மேடம்."

பெரிய மேடத்தின் வாய் திறந்தது. 'சரி' என்றும் சொல்ல முடியவில்லை, 'இல்லை' என்றும் சொல்ல முடியவில்லை. அவரே பாடம் நடத்திய முறை. நடுவில் ஒன்றும் கிடையாது. "வாய் நீளுது" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கோப்பையை வைத்தார். எதிரொலி அதைத் திருப்பிச் சொல்லவில்லை.

புதுசு தன் தேநீரைத் தொடாமலே வெளியே வந்தாள். வேலை போய்விட்டது என்றே வைத்துக்கொண்டாள். அப்படி வைத்துக்கொண்டதும் ஏனோ மூச்சு கொஞ்சம் தாராளமாக வந்தது.

முதல்வர் அதிகம் பேசாதவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்பவர். அவர் அறையில் பெரிய மேடம் நடந்ததைச் சொன்னார். மாணவியின் அஜாக்கிரதை, ஆஸ்பத்திரியில் பள்ளியின் பெயர் கெட்டது, ஒரு முன்மாதிரி நடவடிக்கை அவசியம். வரிசையாக, தெளிவாக. சின்னக்குரல் கதவருகே நின்றாள்.

"நீங்கதானே அவரைக் கவனிச்சது? என்ன நடந்துச்சு?" என்று முதல்வர் புதுசைக் கேட்டார்.

"சார், ரூம்ல ரெண்டு பெரியவங்க இருந்தாங்க. சொன்னப்ப எந்தப் படுக்கைன்னு சொல்லப்படல. இந்தப் பொண்ணும் திருப்பிக் கேக்கல. ரெண்டும் தப்பு. அவ தப்பை அவ ஒத்துக்கறா. ஆனா அவ கவனமில்லாதவ இல்ல சார். ஒருத்தரைத் தப்பா சாப்பிட வெச்சுடக் கூடாதுன்னு ரொம்பக் கவனமா இருந்துதான் ரெண்டு பேரையும் நிறுத்தியிருக்கா. அவளுக்கு இல்லாதது கேக்கற தைரியம். அது இங்க யாருக்குமே இல்ல. எனக்கும் இல்ல. வகுப்பு நேரம் மாத்திட்டாங்களான்னு கேக்கப் பயந்து நான் காலி வகுப்புக்குப் போயிருக்கேன். அதைப் பாத்துத்தான் பிள்ளைங்க வளருது."

முதல்வர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிய மேடம் பக்கம் திரும்பினார். "எந்தப் படுக்கைன்னு சொன்னீங்களா மேடம்?"

பெரிய மேடம் பூசி மெழுகியிருக்கலாம். 'சொன்னேன், அவளுக்குத்தான் காது கேக்கல' என்று ஒரு வார்த்தை போதும். அவர் வார்த்தையை அங்கே யாரும் சோதித்துப் பார்க்கப் போவதில்லை. புதுசு அதற்குத் தயாராகத்தான் நின்றாள்.

"சொல்லல" என்றார் பெரிய மேடம்.

தானே தொடர்ந்து, "ஜன்னல் பக்கம்னு சொல்லியிருக்கணும். சொல்லல" என்றார். நோயாளி விஷயத்தில் மட்டும் அந்த வாய்க்குப் பொய் வராது என்பதைப் புதுசு அன்றுதான் கண்டாள். பிறகு அவர் சின்னக்குரலைப் பார்த்தார். "நீ ஏன் கேக்கல?"

வழக்கம்போல உதடு மட்டும் அசைந்தது.

"சத்தமா சொல்லும்மா" என்றார் முதல்வர்.

"கேட்டா... காதை எங்க அடகு வெச்சேன்னு கேப்பீங்க மேடம்."

அந்தப் பெண் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். பெரிய மேடம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "எங்களை எல்லாம் இப்படித்தான் வளத்தாங்க" என்று யாருக்கும் சொல்லாததுபோலச் சொன்னார். "எங்க மேட்ரன் கையில இருக்கற தட்டைத் தூக்கி அடிப்பாங்க. நான் தட்டை எடுத்ததில்ல. அதனால நான் நல்லவள்னு நெனச்சுட்டு இருந்தேன்."



சின்னக்குரலை வீட்டுக்கு அனுப்பவில்லை. வார்டுப் பயிற்சியை மறுபடி செய்ய வேண்டும் என்று முதல்வர் முடித்தார். இனி வார்டு நாட்களில் பெரிய மேடமும் புதுசும் சேர்ந்தே போகட்டும் என்றும் சொன்னார். அது தண்டனையா, ஏற்பாடா என்று இருவருக்குமே விளங்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் சுகமாக இருந்தன என்று சொன்னால் பொய். ஆசிரியர் அறையில் பெரிய மேடம் அவளோடு பேசவே இல்லை. முன்பு பேசியதற்கு இதுவே தேவலை என்று சில நேரம் தோன்றும், சில நேரம் அதுவே தேவலை என்று தோன்றும். வீட்டில் கணவன், "என்ன ஆச்சு?" என்று கேட்காமல் கேட்பான். "ஒண்ணும் ஆகல" என்று அவள் சொல்லாமல் சொல்லுவாள். பாப்பாவுக்குப் புதுச் செருப்பு வாங்குவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

ஆனால் பயிற்சிக்கூடத்தில் ஏதோ தளர்ந்திருந்தது. செய்தி மாணவிகளுக்கு எப்படித்தான் போனதோ! எதைச் சொன்னாலும், "திருப்பிச் சொல்றேன் மேடம்" என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஜன்னலைச் சாத்து என்றால்கூட, "இடது ஜன்னல், முழுசா, இப்பவே. சரியா மேடம்?" என்றார்கள். புதுசு சிரிப்பை அடக்கிக்கொண்டு "சரி" என்பாள்.

ஒருநாள் எதிரொலி அவள் நாற்காலிப் பக்கம் தயங்கித் தயங்கி வந்தாள். "நாளைக்கு முதல் பீரியட் மாறிடுச்சு. மதியத்துக்குப் போயிடுச்சு. சொல்லலாம்னு..." காது வரை சிவந்திருந்தது. "நான் சொன்னேன்னு யார்கிட்டயும்..." என்று தொடங்கி, தானே நிறுத்திக்கொண்டாள். "பரவால்ல, நான்தான் சொன்னேன்னே சொல்லுங்க." அவளே ஓர் அட்டையை மடித்து நாற்காலியின் கால் ஒன்றுக்குக் கீழே செருகிவிட்டுப் போனாள். குட்டைக் கால் அதுவல்ல. நாற்காலி இப்போது வேறு பக்கமாக ஆடியது.

அடுத்த வாரம் முதல்வர் கூப்பிட்டனுப்பினார். அவள் போனாள். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தாள். கண்ணாடியைத் துடைத்தார்.

"உங்களைப் பத்திப் பெரிய மேடத்துகிட்டக் கேட்டேன்."

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவங்க சொன்னதை அப்படியே சொல்றேன். 'வார்டுல கண்ணு இருக்கு. இப்ப வாயும் வந்துடுச்சு. வெச்சுக்கலாம்.'" முதல்வர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அடுத்த மாசத்துலேருந்து நிரந்தரம். என்னம்மா, கேட்டுச்சா?"

கேட்டது. ஆனாலும் இந்தத் தடவை அவளால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

அவள் நன்றி சொல்வாள் என்று பெரிய மேடம் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை. அடுத்த வார்டு நாளில் இருவரும் மாணவிகளோடு அதே நடையில் போனார்கள், நடுவே ஓர் ஆள் இடைவெளி விட்டு. அதே அறை. ஜன்னல் பக்கம் இப்போது வேறொருவர். கதவுப் பக்கத்துப் பெரியவர் மட்டும் புண் ஆறாமல் அங்கேயே இருந்தார். மாணவிகளைக் கண்டதும் சாப்பாட்டுத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டார்.

பெரிய மேடம் நின்றார். "இந்த ரூம்ல ஒருத்தருக்கு இன்னிக்குக் கட்டு மாத்தணும். காயத்தைக் கழுவி, புது மருந்து வெச்சு. டாக்டர் வர்றதுக்கு முன்னாடி." சொல்லிவிட்டு நகரப் போனவர், நகரவில்லை. திரும்பிப் புதுசைப் பார்த்தார். "என்ன டீச்சர் பாக்கறீங்க? திருப்பிச் சொல்ல மாட்டீங்களா?"

அவளுக்கு வார்த்தை வருவதற்குள் மாணவிகளின் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. சன்னமான குரல்தான், ஆனால் முழுசாக வந்தது.

"எந்தப் பக்கத்துப் பெரியவருக்கு மேடம்?"

பெரிய மேடத்தின் புருவம் ஏறியது. உதடு இறுகியது. பழகிய வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றதைப் புதுசு பார்த்தாள், நிச்சயமாகப் பார்த்தாள். மூடி திறக்கப்போகிறது என்று முன்வரிசைப் பெண் ஒருத்தி அரை அடி பின்னால் நகர்ந்தேவிட்டாள்.

பெரிய மேடம் ஒரு மிடறு விழுங்கினார்.

"கதவுப் பக்கம்" என்றார்.

"கதவுப் பக்கத்துப் பெரியவருக்கு, கால் புண்ணைக் கழுவி, புது மருந்து வெச்சு, டாக்டர் வர்றதுக்கு முன்னாடி கட்டு மாத்தணும். சரியா மேடம்?"

"சரி."

"எனக்கும் கேட்டுச்சும்மா" என்றார் கதவுப் பக்கத்துப் பெரியவர், தட்டை விடாமல். "கட்டு மாத்துங்க, வேண்டாங்கல. சாப்பாட்டுல மட்டும் கை வைக்க மாட்டீங்கல்ல?"

முதலில் சிரித்தது பெரிய மேடம்தான்.